பேசினால் பேரை எழுதுவோம்!

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன பத்து நாளில் ஒரே படம் எனக்கு நான்கு வாட்ஸப் குழுக்களில் வந்துவிட்டது. 'ஆலோசனையின்போது கவனிக்க வேண்டிய உடல்மொழி' என்று தலைப்பு. கண்ணைப் பார்க்காமல் பேசினால் பொய் சொல்கிறார். கையைக் கட்டிக்கொண்டால் மனதை மூடிவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தால் எதையோ மறைக்கிறார். இப்படியே போகிறது. கடைசி வரி, 'அனைத்தையும் உடனுக்குடன் குறித்துக்கொள்ளவும்.' அனுப்பியவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்த பெண்கள். ஒருத்தி இப்போது பள்ளிகளுக்குப் போகும் ஆலோசகர். இன்னொருத்தி ஷூ கம்பெனியில் எச்.ஆர். மூன்றாவது ஆள் என் நாத்தனார் மகன். அவன் எது வந்தாலும் அனுப்புவான், அவனை விட்டுவிடலாம்.

அந்தப் படத்தில் பாதி எங்கேயும் தவறு. மீதிப் பாதி நம் ஊருக்குத் தவறு. கடைசி வரிதான் எல்லாவற்றிலும் மோசம். இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன். டீச்சருக்கு வயதாகிவிட்டது, பி.பி. ஏறும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம், மாத்திரை போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கை. 'கையைக் கட்டு, வாயைப் பொத்து.' நம் பள்ளிகளில் 'அ' எழுதச் சொல்லித் தருவதற்கு முன்பே சொல்லித் தருவது இதைத்தான். வகுப்புக்குத் தலைமையாசிரியர் வந்தால் கைகட்டு. வரிசையில் நில், கைகட்டு. படம் எடுக்க வந்தால் கைகட்டு. ஒன்பது வருடம் கட்டிப் பழகிய கையோடு ஒரு பெண் ஆலோசகர் முன்னால் வந்து உட்கார்ந்தால், 'மனதை மூடிக்கொண்டிருக்கிறாள்' என்று எழுதுகிறார்களாம். அவள் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அடுத்து கண். பெரியவர்களை நிமிர்ந்து கண்ணுக்குள் பார்த்தால் 'இன்னா மொறைக்கிற?' என்று கேட்கிற ஊர் இது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் உருது பேசும் வீட்டுப் பெண்பிள்ளைகள், வெளி ஆள் முன்னால் பார்வையைத் தாழ்த்துவதை ஒழுக்கமாகக் கற்று வளர்ந்தவர்கள். தமிழ் பேசும் வீட்டிலும், தெலுங்கு பேசும் வீட்டிலும் இதே பாடம்தான் நடக்கிறது. தரையைப் பார்த்துப் பேசும் பெண்ணைப் பொய்க்காரி என்று எடுத்துக்கொண்டால், நம் மூன்று மாவட்டத்திலும் உண்மை பேசும் பெண்ணே கிடைக்க மாட்டாள்.

தலையாட்டல் இன்னொரு கூத்து. 'சரி' என்பதற்கு நாம் தலையை இரண்டு பக்கமும் சாய்த்து ஆட்டுவோம். ஷூ கம்பெனிக்கு வரும் வெளிநாட்டு பையர்கள் அதைப் பார்த்துச் சரியா, இல்லையா என்று விழிப்பார்கள் என்று நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். பையருக்குப் புரியாததில் தப்பில்லை. நம் ஊரிலேயே பிறந்து, நம் ஊரிலேயே ஆட்டிய தலையை, எங்கேயோ எழுதிய குறிப்பை வைத்துப் படிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாற்காலியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. பள்ளிக்குக் கூப்பிட்டு அனுப்பினால் வந்து, 'உட்காருங்க' என்று மூன்று தடவை சொன்னாலும் நின்றுகொண்டே இருந்த அப்பாக்களை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். தோல் ஷாப்பில் சுண்ணாம்பு வேலை செய்து வெடித்த கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். தன் மேல் வாசம் அடிக்குமோ என்று கதவோரமாக நிற்பார்கள். உட்கார்ந்தாலும் நுனியில்தான் உட்காருவார்கள். தோல் வேலை செய்கிற குடும்பம் என்பதற்காகவே தள்ளி நிற்க வைக்கப்பட்ட தலைமுறைகள் அந்த நுனியில் உட்கார்ந்திருக்கின்றன. 'பின்னால் கை வைத்தால் மறைக்கிறார்' என்று அந்தப் படத்தில் ஏழாவதாகப் போட்டிருக்கிறார்கள். ஆமாம், மறைக்கிறார். எதை என்று கேட்கிற மனசு அந்தப் படத்தை வரைந்தவருக்கு இல்லை.

சரி, இந்தச் சரக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது? நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள்தான், பெரிய உளவியல் படிப்பெல்லாம் இல்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு நேரம் இருக்கிறது, மகள் வாங்கித் தந்த டேப்லெட் இருக்கிறது, தேடிப் படிக்கிறேன். நீங்களும் செய்யலாம்.

எந்தப் பயிற்சி முகாமுக்குப் போனாலும் கோட் போட்ட ஒருவர் மேடையேறி, 'நாம் சொல்வதில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், வார்த்தை வெறும் 7 சதவீதம்' என்பார். நானும் பணியில் இருந்தபோது இதைக் கேட்டுக் கைதட்டல் எழும்பியதைப் பார்த்திருக்கிறேன். இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1967-இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒன்றில், தனித்தனிச் சொற்களை வெவ்வேறு குரலில் சொல்லிக் காட்டினார்கள். இன்னொன்றில் 'இருக்கலாம்' என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை வெவ்வேறு குரலில் ஒலிக்கவிட்டு, முகப் படங்களைக் காட்டி, இவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்டார்கள். ஒரு முழு உரையாடல்கூட அதில் கிடையாது. பிடிக்கும், பிடிக்காது என்ற உணர்ச்சிகளைத் தவிர மற்றப் பேச்சுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள்.

அந்த 93 உண்மையாக இருந்தால் தொலைபேசியில் யாரும் யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா' அமைப்பில் முகம் தெரியாதவர்களிடம் எத்தனையோ பேர் போனில் மனம் விட்டுப் பேசியிருக்கிறார்கள். பொதுத்தேர்வு முடிவு வரும்போதும் நீட் முடிவு வரும்போதும் நம் அரசின் 104-இல் பிள்ளைகளிடம் போனில்தான் பேசுகிறார்கள். அந்தப் பக்கம் கை கட்டியிருக்கிறதா, கண் எங்கே பார்க்கிறது என்று யாருக்குத் தெரியும்? வார்த்தையைக் கேட்கிறார்கள், இடையில் வரும் மௌனத்தைக் கேட்கிறார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். போனில் இருக்கும் ஆலோசகர் ஏதாவது குறித்துக்கொண்டாலும், பேசுகிறவர் கண்ணுக்குப் பேனா தெரிவதில்லை.

பொய்யைக் கண்டுபிடிக்கும் வித்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாண்ட், டிபாலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2006-இல் கணக்குப் போட்டார்கள். பார்த்தும் கேட்டும் பொய்யா உண்மையா என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டாலே 50 வரும், பிள்ளைகளே. அந்த மிச்சம் 4 சதவீதத்தை நம்பி ஒரு குழந்தையின் பெயருக்கு எதிரே 'பொய் சொல்கிறாள்' என்று எழுதுவீர்களா?

நேராக உட்கார், கைகால் கட்டாதே, கொஞ்சம் முன்னால் சாய், கண்ணைப் பார், தளர்வாக இரு என்ற ஐந்து விஷயமும் ஜெரார்டு ஈகன் என்பவர் ஆலோசகர்களுக்காக எழுதிய புத்தகத்தில் வருவது. முதல் பதிப்பு 1975. அந்த ஐந்தும் யாருக்குச் சொன்னது தெரியுமா? ஆலோசகருக்கு! உதவி செய்ய உட்கார்ந்திருப்பவர் தன் உடம்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அவர் நாட்டு வழக்கப்படி சொன்ன யோசனை. நம் ஆட்கள் அதைத் தலைகீழாகத் திருப்பி, எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தை அப்படி உட்காராவிட்டால் குற்றம் என்று ஆக்கிவிட்டார்கள். வைத்தியருக்குச் சொன்ன பத்தியத்தை நோயாளி மீறிவிட்டான் என்று திட்டுகிற மாதிரி இருக்கிறது.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். உடனுக்குடன் குறித்துக்கொள்வது.

நீங்கள் எல்லோரும் வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள். டீச்சர் வெளியே போனால் என்ன நடக்கும்? லீடர் எழுந்து கரும்பலகை ஓரத்தில் ஒரு கோடு போடுவான். 'பேசுபவர்கள்' என்று எழுதுவான். நீ வாயைத் திறந்தால் உன் பேர் ஏறும். மறுபடி பேசினால் பேருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. டீச்சர் வந்ததும் அந்தப் பட்டியலைப் பார்த்துதான் அடியோ, முட்டி போடுவதோ. தமிழ்நாட்டில் இது இல்லாத பள்ளி இருந்தால் சொல்லுங்கள், பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஐந்து வயதிலிருந்து ஒரு குழந்தை கற்றுக்கொள்வது இது: பேசினால் எழுதுவார்கள், எழுதினால் அடி விழும். அதே குழந்தையை ஒரு நாள் அறைக்குள் கூப்பிட்டு, எதிரே நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, 'பயப்படாம மனசுல இருக்கறத எல்லாம் பேசும்மா' என்றால் பேசுமா?

பள்ளிக்கு வெளியே மட்டும் என்ன வாழ்கிறது? நம் பக்கம் நோட்டோடு வருபவர் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். பீடி கொடுக்கும் இடத்தில் கட்டை எண்ணி, சரியில்லாததைத் தள்ளி, நோட்டில் குறைத்து எழுதுபவர். கம்பெனியில் மணிக்கு எத்தனை ஜோடி என்று குறிக்கும் சூப்பர்வைசர். குழுக் கடன் வசூலுக்கு வருபவர், இப்போது அவர் கையில் நோட்டுக்குப் பதில் டேப். வெளிநாட்டு பையருக்காக வரும் ஆடிட் ஆட்கள். அந்த ஆடிட் கதை உங்களில் நிறையப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, சிரித்த முகமாக, பேனாவும் கையுமாகக் கேட்பார்கள், 'பாத்ரூம் போக விடறாங்களா? ஓவர்டைம் கட்டாயமா?' நம் பெண்கள் என்ன சொல்வார்கள்? 'அதெல்லாம் நல்லா பாத்துக்கறாங்க மேடம்.' எழுதுவதற்கு ஏற்ற பதில் எது என்று அவர்களுக்குத் தெரியும். எழுதாமல் இருந்தால் சொல்லியிருக்கக்கூடிய பதில், மாலையில் கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரியிடம் வரும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பேர், ஊர், பள்ளி எதுவும் சொல்ல மாட்டேன், கமெண்டில் வந்து கேட்காதீர்கள். யார் என்று ஊகித்தாலும் எழுதாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு. அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, 'ஏன் லீவு போடற?' என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு 'வயித்து வலி' என்றாள். திரும்பக் கேட்டதற்குத் 'தலைவலி' என்றாள். நோட்டில் ஏறியது இது: 'கண் பார்த்துப் பேசவில்லை. கைகட்டி அமர்ந்திருந்தாள். முன்னுக்குப் பின் முரண். எதையோ மறைக்கிறாள். காதல் விவகாரமாக இருக்கலாம்.' கடைசி வாக்கியத்துக்கு அவள் சொன்னதில் ஒரு சொல்லும் ஆதாரம் கிடையாது. அந்த நோட்டு மேசை மேலேயே இருந்தது. ஒருவர் படித்தார். படித்தவர் இன்னொருவரிடம் சொன்னார். ஒரு வாரத்தில் அது அவள் அப்பா காதுக்குப் போனது. அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டி.சி. வாங்கிவிட்டார்கள்.

உண்மையான காரணம் என்ன தெரியுமா? அம்மா குழுவில் கடன் வாங்கியிருக்கிறார். தவணை நாளில் கையில் பணம் இல்லையென்றால் இவளை வீட்டில் நிறுத்திவிட்டு கம்பெனிக்குப் போய்விடுவார். வசூலுக்கு வருபவரிடம் 'அம்மா வேலைக்குப் போயிருக்காங்க, அடுத்த வாரம் குடுக்கறாங்களாம்' என்று சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமே. கதவைப் பூட்டிவிட்டுப் போனால் ஓடிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சத்தம் போடுவார்களாம். பதினான்கு வயதுப் பெண், கையில் எழுதுவதற்கு ஏதோ வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவர் முன்னால் தரையைப் பார்த்து, குடும்ப மானத்தைக் காப்பாற்றும் பதில் சொல்லப் பழகியிருக்கிறாள். ஆலோசகர் அறையிலும் அதையே செய்தாள். அந்த அறையில் எழுத ஆரம்பித்ததுமே அந்த ஆலோசகர் வசூல்காரர் ஆகிவிட்டார், அவருக்கே தெரியாமல்.

இது எனக்கு எப்படித் தெரியும்? அவள் பாட்டி எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி. ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை கொடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார். உட்காரச் சொன்னேன். இரண்டு பேரும் தாழ்வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தோம். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை, இரண்டு பேர் கண்ணும் முறத்தில்தான். அரைக் கட்டு ஆய்வதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இப்போது அவளைப் பத்தாம் வகுப்பு தனித்தேர்வராக எழுத வைக்க என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வழி தெரிந்தவர்கள் உள்பெட்டியில் வாருங்கள்.

'டீச்சர், நீங்க சொல்றது கேக்க நல்லா இருக்கு, ஆனா எழுதலன்னா வேலைக்கு ஆகாது' என்று என் ஆலோசகர் பெண் போனில் சண்டை போட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு நாளைக்கு எத்தனையோ பிள்ளைகள். யார் என்ன சொன்னார்கள் என்று சாயங்காலம் குழம்பிவிடும். அதைவிட முக்கியம், ஒரு குழந்தை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால், எழுத்தில் இல்லாமல் எதுவும் நகராது. போக்சோ சட்டப்படி தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. அங்கே 'நான் மனசுல வெச்சிக்கிட்டேன்' என்பதெல்லாம் செல்லாது.

ஆனால் பெண்ணே, அந்தச் சட்டத்தையே எடுத்துப் படித்துப் பார். 2012-ஆம் வருடச் சட்டம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, வழக்கமாக இருக்கும் இடத்திலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை பெண் அதிகாரி வாங்க வேண்டும். வாங்கும்போது போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. இது 24-ஆம் பிரிவு. பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க, குழந்தை சொன்னது சொன்னபடியே எழுத வேண்டும் என்பது 26-ஆம் பிரிவு. குழந்தையே வந்து புகார் சொன்னால், என்ன எழுதப்படுகிறது என்று அதற்குப் புரிகிற எளிய மொழியில் எழுத வேண்டும், புகார் சொன்னவருக்கு எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. காக்கிச் சட்டையும் ஒரு உடல்மொழிதான், அது பேசினால் குழந்தை பேசாது என்று சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது. போலீஸ்காரரைச் சட்டையை மாற்றிக்கொண்டு வா என்று சொல்கிற நாட்டில், ஆலோசகரிடம் பேனாவைக் கொஞ்ச நேரம் பைக்குள் வை என்று சொன்னால் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

'சொன்னது சொன்னபடியே' என்பதைத் திரும்பப் படியுங்கள். அந்தப் பெண் சொன்னது 'வயித்து வலி.' அதை எழுதியிருந்தால் யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. எழுதியவர் தன் ஊகத்தை எழுதினார். 'முரண்டு பிடிக்கிறான்', 'ஒத்துழைக்கவில்லை', 'கவன ஈர்ப்புக்காகச் செய்கிறாள்' என்பதெல்லாம் பிள்ளை சொன்னது கிடையாது, எழுதுபவரின் எரிச்சல். எரிச்சல் மறுநாள் போய்விடும், நோட்டில் இருப்பது போகாது. உருதுவில் யோசித்துத் தமிழில் தட்டுத் தடுமாறிச் சொல்லும் பிள்ளையின் பேச்சை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும் அழகைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போட வேண்டும்.

ஞாபகம் இருக்காது என்கிறாள். மனநல வைத்தியத்தில் பெரிய பெயரான சிக்மண்ட் பிராய்ட் 1912-இல் இளம் மருத்துவர்களுக்கு யோசனை சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். நோயாளி பேசும்போது முழுசாகக் குறிப்பெடுப்பதை அவர் சிபாரிசு செய்யவில்லை. சில நோயாளிகளுக்கு அது பிடிக்காது என்பது ஒரு காரணம். எழுதும்போது நம் மனசு எதை எழுத, எதை விட என்று பொறுக்க ஆரம்பித்துவிடும், கேட்பது நின்றுவிடும் என்பது இன்னொரு காரணம். தான் வேலை முடிந்த பிறகு மாலையில் நினைவிலிருந்து எழுதுவதாகச் சொல்கிறார். அவருடைய மற்றக் கருத்துகள் எனக்கு அவ்வளவாக ஒத்துவராது, அது வேறு. எதிர்ப்பக்கத்துக்கும் ஆள் உண்டு. அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ் உரையாடல்களை இயந்திரத்தில் பதிவு செய்து, 1942-இல் ஒரு முழு உரையாடல் வரிசையைப் புத்தகத்திலேயே அச்சிட்டார். ஆனால் அந்தப் பதிவுகளை வைத்து ஆலோசகர் எங்கே குறுக்கே பேசினார், எங்கே தன் கருத்தைத் திணித்தார் என்று பாடம் நடத்தினார்கள். அதாவது தப்புப் போட்டது ஆலோசகருக்கு. நம் ஊரில் குறிப்பேடு பிள்ளைக்கு மட்டும்தான் தப்புப் போடுகிறது.

மருத்துவமனையை உதாரணம் காட்டினாள். சிஎம்சியில் டாக்டர் எழுதாமலா பார்க்கிறார் என்றாள். எழுதுகிறார். நோயாளி அங்கே போவதே, எழுதி மருந்து கொடுப்பார் என்றுதான். பாகாயத்தில் அவர்களுடைய மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கியிருப்பது பல காலமாக இருக்கும் வழக்கம். அங்கே எழுதுவது யாருக்காக என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து அறையில் இழுத்து உட்கார வைக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த நோட்டு யாரிடம் போகிறது என்று யார் சொன்னார்கள்? ஹெச்.எம்.முக்கா, அப்பாவுக்கா, போலீசுக்கா?

அவளை மட்டும் திட்டி என்ன பயன்? மாலையானால் மேலே இருந்து ஒரே கேள்விதான் வருகிறது: இன்று எத்தனை பேர்? படிவத்தில் எத்தனை கட்டம் நிரப்பினாய்? எத்தனை போட்டோ? பிள்ளையும் ஆலோசகரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆலோசகர் எழுதிக்கொண்டிருக்கிற மாதிரி போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டுமாம். ஷூ கம்பெனியில் ஜோடிக் கணக்கு கேட்கிற மாதிரி மனசுக்கும் கணக்கு கேட்கிறார்கள். கணக்கு கேட்பவர்களுக்கு நான் சொல்வது: எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் பேச்சைக் கேட்காதீர்கள். 'இன்று ஏழு பேரைப் பார்த்தேன், ஒருவரை மருத்துவரிடம் அனுப்பினேன்' என்பது போதும். போட்டோவை இன்றைக்கே நிறுத்துங்கள். ஆலோசனை அறையில் இருக்கும் பிள்ளையைப் படம் எடுத்துக் குழுவில் போடுவதற்கு இணையான அறிவுகெட்ட வேலை வேறு இல்லை.

நீ என்ன செய்யலாம் என்று கேட்டாய் அல்லவா? மேசையை விட்டு வெளியே வா. எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்கார். நம் ஜனங்கள் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கை ஒரு வேலை செய்ய, கண் வேறெங்கோ பார்க்கத்தான் மனசைத் திறந்திருக்கிறார்கள். புளி கொட்டை எடுக்கும்போது வராத கதையா? பள்ளியில் புளி கிடையாது, சரி. நூலகப் புத்தகத்துக்கு அட்டை போடு, செடிக்குத் தண்ணீர் ஊற்று. முதல் நாள் பேனா வேண்டாம். முடியும்போது, 'நீ சொன்னதுல இத மட்டும் எழுதி வெச்சிக்கட்டுமா, மறந்துடுவேன்' என்று கேள். அவள் எதிரிலேயே, அவள் சொன்ன சொல்லிலேயே நாலு வரி எழுது. படித்துக் காட்டு. 'இது வேணாம் மிஸ்' என்றால் அடித்துவிடு, அவள் பார்க்க அடி. நோட்டு எந்தப் பீரோவில் இருக்கும், சாவி யாரிடம் என்று சொல். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதே. உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதலிலேயே அவளிடம் சொல்லிவிடு. அப்படி ஒன்றை அவள் சொன்னால் துருவித் துருவிக் கேட்காதே. அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு அன்றைக்கே 1098-க்குப் போன் போடு.

கம்பெனியில் எச்.ஆர். ஆக இருக்கும் என் மகராசிக்கும் ஒன்று. உங்கள் புகார்ப் பெட்டி செக்யூரிட்டி அறை வாசலில், கேமராவுக்குக் கீழே மாட்டியிருக்கிறது என்று நீயே சொன்னாய். அதில் ஒரு வருடமாக ஒரு சீட்டும் விழவில்லை, எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றும் சொன்னாய். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்தார்கள், நல்ல திட்டம். அதையும் ஹெச்.எம். அறை ஜன்னலுக்கு நேராக மாட்டிய இடங்கள் உண்டு. இரண்டு பெட்டியையும் கழற்றிக் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டிப் பாருங்கள். மாட்டிவிட்டு மூன்று மாதம் கழித்து எனக்குப் போன் பண்ணுங்கள்.

பிள்ளைகள் கையில் இருக்க வேண்டிய எண்கள்: பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416, சுகாதார உதவிக்கு 104. வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இந்தப் பதிவை நான்கு நாள் உட்கார்ந்து தட்டினேன், எழுத்துப்பிழை இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். தனித்தேர்வர் விஷயம் தெரிந்தவர்கள் மறக்காமல் உள்பெட்டிக்கு வாருங்கள், விண்ணப்பத் தேதி போய்விடப் போகிறது.